சேதன இரசாயனம் படித்துவிட்டு மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்குப் போனால், படித்தது வீணாகுமா?

வீணாகாது. நானும் அந்த வழியால் வந்தவன்தான். கேள்வி கேட்ட தங்கச்சி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் மூன்றாம் வருடம் என்றும், "உயிரியல் படிக்காத பிள்ளைக்கு டி.என்.ஏ. எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் நான்காம் வருட ஆய்வு பனங்களியின் கைப்பைப் பற்றியது. அந்தக் கைப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் எனப்படும் சபோனின்கள், அதாவது தண்ணீரில் நுரைக்கும் தாவரச் சேர்வைகள். ஸ்டீரொயிட் உடல் ஒன்றில் சர்க்கரை அலகுகள் கோர்த்திருக்கும். ஆவணியில் விழுந்த பழத்தைப் பிசைந்து களி எடுத்து, மெதனோலில் ஊறவைத்து, அதில் உள்ள பொருட்களைப் பிரித்துப் பார்க்கச் சிலிக்கா பூசிய தட்டில் ஓடவிடுவேன். மாரி தொடங்கினால் தட்டு ஈரத்தை இழுத்துவிடும், ஒவ்வொரு முறையும் சூடாக்கிக் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் எனக்குப் படிப்பித்த சேர், நரிஞ்சினேஸ் என்ற நொதியத்தைக் களியில் கொஞ்சம் விட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அந்தச் சபோனினின் பொட்டு தட்டில் முன்பைவிட மேலே ஏறியிருந்தது. சர்க்கரை கழன்றால் மூலக்கூற்றின் முனைவுத்தன்மை குறையும், சிலிக்கா அதை முன்போல் பிடித்துவைக்காது. அமிலம் விட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து நான் உடைக்கப் பார்த்த பிணைப்பை, ஒரு புரதம் இளஞ்சூட்டில், வேண்டிய இடத்தில் மட்டும் வெட்டிவிட்டது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் புரதம் எப்படி உருவாகிறது, அதற்கான கட்டளை எங்கே எழுதியிருக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஹர் கோவிந்த் கோரானாவைப் பற்றிப் படித்தேன். 1922இல் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்தவர், 1948இல் லிவர்பூலில் சேதன இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சங்கிலிகளின் அலகுகளான நியூக்கிளியோரைட்டுகளை நினைத்த ஒழுங்கில் கோர்ப்பதுதான் அவர் எடுத்த வேலை. ஒரு நியூக்கிளியோரைட்டில் தாக்கம் புரியத் தயாராகப் பல இடங்கள் இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் புகுந்தால் குழம்பிவிடும். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் ஐயா தண்ணி மாறுவதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது உடனே விளங்கியது. மற்றப் பாத்திகளின் வாயை மண்ணால் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்துவிடுவார். அது நிரம்பியதும் அதை அடைத்து அடுத்ததைத் திறப்பார். தாக்கம் புரியக்கூடாத இடங்களைத் தற்காலிகமாக மூடிவைக்கும் காப்புக் கூட்டங்களின் வேலையும் அதுதான்.

அப்படிக் கட்டிய சிறு டி.என்.ஏ. துண்டுகளை நீட்டவும், ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கவும் கோரானா நொதியங்களைப் பயன்படுத்தினார். ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள், அதாவது நியூக்கிளியோரைட்டுகள், எத்தனை எத்தனையாக வாசிக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது என்பதுதான் கேள்வி. யூ, சி என்ற இரண்டு எழுத்தும் மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ. கிடைத்தது. அதிலிருந்து உருவான புரதத்தில் செரீனும் லியூசினும் மாறி மாறி வந்தன. இரண்டிரண்டு எழுத்தாக வாசிக்கப்பட்டிருந்தால் ஒரே அமினோ அமிலம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். மூன்று மூன்றாக வாசித்தால்தான் யூசியூ, சியூசி என்று மாறும். எவ்வளவு தெளிவான விடை பாருங்கள்! சங்கிலியைச் சுத்தமாகக் கட்டத் தெரிந்த இரசாயனவியலாளரால்தான் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்க முடிந்தது. 1968இல் நிரென்பெர்க், ஹோலி ஆகியோருடன் நொபெல் பரிசு. 1976இல் அவருடைய குழு செயற்கையாகக் கட்டிய பரம்பரையலகு பக்டீரியாவுக்குள் வேலை செய்தது. இன்று பி.சி.ஆர். (டி.என்.ஏ.யைப் பல மடங்காகப் படியெடுக்கும் முறை) செய்ய நாங்கள் வாங்கும் பிரைமர்கள் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுகளும் காப்பிட்டு, இணைத்து, காப்பு நீக்கித்தான் இயந்திரத்தில் தயாராகின்றன.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். போத்தலை மூடிவைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்று பழகிய கை என்னுடையது. ஒரு மழை இரவில் மின்சாரம் நின்று, குளிர்ப்பெட்டியில் இருந்த நொதியம் முழுக்கக் கெட்டுப்போனது. அடுத்தது வந்துசேரும்வரை வேலையே இல்லை. உயிர்ப்பொருளைக் கையாளும் அந்தப் பழக்கம் வர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. உயிரியல் பாடங்களை வாசித்துப் பிடித்துவிடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தங்கச்சி, நான்காம் வருட ஆய்வுத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால், நொதியம் ஒன்று வரும் தலைப்பாகக் கேளுங்கள். பனங்களியை எடுப்பதென்றால் ஆவணிக்கு முன்பே உங்கள் விரிவுரையாளரிடம் பேசிவையுங்கள், பழம் விழும் காலத்தை விட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும்.