செபஸ்தியார் சுரூபத்தில் எத்தனை அம்புகள்?

கேள்வி: எங்கள் குருசடியிலுள்ள புனித செபஸ்தியார் சுரூபத்தைப் புதுப்பிக்கிறோம். அம்புகள் சில உடைந்துவிட்டன. கணக்கு உண்டா? அம்பு பட்டுத்தானே அவர் இறந்தார்?
- வாசகர், குளச்சல்

பதில்: கணக்கு கிடையாது. உடலெங்கும் முள்ளம்பன்றி போல அம்புகள் தைத்திருந்தன என்றுதான் பழைய வரலாறு சொல்கிறது. ஏற்கெனவே துளை இருக்கும் இடங்களில் மட்டும் செருகுங்கள், போதும்.

ஆனால் அம்புகளால் அவர் இறக்கவில்லை. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பிணத்தை எடுக்க வந்த இரேனே என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்திட்டுப் பிழைக்கவைத்தார். குணமானவர் ஊரைவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை; ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் வரும் வழியில் நின்று, கிறிஸ்தவர்களைக் கொல்வது அநியாயம் என்று நேருக்கு நேர் சொன்னார். தடிகளால் அடித்தே கொன்றார்கள். உடலைச் சாக்கடையில் எறிந்தார்கள். லூசினா என்பவர் அதை மீட்டு, ஆப்பியா சாலையோரச் சுரங்கக் கல்லறையில் அடக்கம் செய்தார். 354-ஆம் ஆண்டின் ரோமை மறைசாட்சிகள் பட்டியலிலேயே ஜனவரி 20 அவருடைய நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இரேனேயின் துணிவை மறையுரையில் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

ரோமையில் 7-ஆம் நூற்றாண்டுக் கல்பதிப்போவியம் ஒன்றில் தாடி வைத்த முதியவராக, அம்பே இல்லாமல், கையில் மணிமுடியோடு நிற்கிறார். வாலிப உருவம் பிற்கால ஓவியர்கள் தந்தது.

வேலைக்கு ஒன்று: அம்புக்குள் இரும்புக் கம்பி வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள பிளாஸ்டரைப் பிளந்துவிடும். பித்தளைக் கம்பி வாங்குங்கள். துளையின் பழைய துருவைச் சுரண்டி, தூசி தட்டிக் காயவிட்ட பிறகே பசை வையுங்கள்.