கசெட் வேகமும் கீபோர்ட் சுருதியும்: ஸ்குரூவைத் திருக முதல்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் வேகத்தைப் பற்றியவை, அதனால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

களுதாவளையிலிருந்து: அப்பா அண்ணாவியாராக, அதாவது கூத்தைப் பழக்கிப் பாடி நடத்துபவராக, நின்று ஆட்டின வடமோடிக் கூத்து 80களில் பிடித்த கசெட்டில் இருக்கிறது. கீபோர்டில் அந்தப் பாட்டுகளை எடுக்கப் பார்த்தால் இரண்டு கீக்கு நடுவில் நிற்கிறது. மோட்டரில் ஒரு ஸ்குரூ இருக்காமே, திருகலாமா?

தம்பி, திருக வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கசெட் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். அதில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் பாட்டு அடுத்த கீக்கு ஏறிவிடும், 3 சதவீதம் என்றால் நீங்கள் சொல்கிற அந்த நடு இடம். முதலில் மெசினைச் சோதியுங்கள். கடையில் வாங்கின சினிமாப் பாட்டுக் கசெட் ஒன்றைப் போட்டு, அதே பாட்டைப் போனிலும் கேட்டு நேரம் பாருங்கள். 4 நிமிடப் பாட்டு 7 செக்கன் முந்தி முடிந்தால் மெசின் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. இரண்டு மூன்று கசெட்டில் அப்படியே வந்தால்தான் மெசினைச் சந்தேகப்படலாம்.

மெசின் சரி என்றால் பதிந்த அன்று என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கரண்டில் பதிந்ததென்றால் பாட்டுக்குக் கீழே மெல்லிய இரைச்சல் ஒன்று இருக்கும், நம் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் அது. பற்றரியில் ஓடும் மெசினில் போட்டு, போனில் அலைவரிசை காட்டும் செயலியால் அளந்து பாருங்கள், 51.5 என்று காட்டினால் 3 சதவீதம் கூட. கூத்தாடும் களரிக்கு ஜெனரேற்றர் பிடித்திருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், அது 50இல் நிலைத்து நிற்பதில்லை. பற்றரியில் பதிந்திருந்தால் கசெட்டின் தொடக்கத்தையும் முடிவையும் கேளுங்கள். போகப் போகச் சுருதி ஏறுகிறதா? பற்றரி இறங்க இறங்க ரேப் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் போடும்போது அது வேகமாகக் கேட்கிறது. அப்படியே கணினிக்கு ஏற்றிவிட்டு, அங்கே வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியால் பகுதி பகுதியாகத் திருத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் மத்தள அடியின் நடை பிழையாகவே இருக்கும்.

இதையெல்லாம் பார்த்தும் பிழை இல்லை என்று வந்தால்? அப்போது பிழையே இல்லை, தம்பி. மத்தளத்துக்கும் சல்லரித் தாளத்துக்கும் பாடுகிற அண்ணாவியார், கீபோர்டைச் சுருதி சேர்க்கிற 440 ஹேர்ட்ஸைக் கேட்டுவிட்டுப் பாடத் தொடங்குவதில்லை, தன் தொண்டைக்கு வருகிற இடத்தில் எடுப்பார். கீபோர்டில் டியூன் அமைப்பு இருக்கும், அதை நகர்த்தி அப்பாவின் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அப்பாவின் குரலைக் கீபோர்டுக்கு இழுக்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: வாப்பாவின் ரெக்கோடரைப் பல வருடத்துக்குப் பிறகு எடுத்தோம். குரல் ஆடி ஆடி வருகிறது.

பெல்ட்தான் என்று நினைக்கிறேன். நம் கரையோரச் சூட்டிலும் ஈரத்திலும் பழைய ரப்பர் பெல்ட் தளர்ந்துவிடும், சிலவற்றில் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டியே இருக்கும். அதை ஐசோபுரோபைல் அல்ககோலால் முழுக்கத் துடைத்துவிட்டு, நூலைச் சுற்றி அளந்து அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட் போடுங்கள். காசுக்கட்டும் ரப்பர் வளையம் மட்டும் வேண்டாம், அது ஒரே தடிப்பில் இருக்காது, ஆட்டம் கூடும். ரேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையையும் அதோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தண்டையும் துடையுங்கள். இவ்வளவும் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறமும் வேகம் பிழை என்றால்தான் மோட்டரின் பின் துளைக்குள் இருக்கும் ஸ்குரூ. இருந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டு மயிரிழை அளவு திருப்புங்கள்.

கல்லடியில் பிறந்து பர்மிங்ஹாமில் இருப்பவர்: பழைய மெலோட்ரான் எம்400 ஒன்று வாங்கினேன். ஒரு கீ அழுத்தினால் சரி, இரண்டு கையாலும் அழுத்தினால் சுருதி விழுகிறது.

கீயை அழுத்தினால் ரேப்பில் பதிந்த ஒலியை ஓட்டிக் காட்டும் வாத்தியம் அது, நீங்கள் இருக்கிற ஊரில் 1963இல் தொடங்கியது, எம்400 வந்தது 1970இல். 35 கீக்கும் தனித்தனி ரேப், ஒவ்வொன்றும் 8 செக்கன் அளவு ஓடும். ஆனால் எல்லாவற்றையும் இழுப்பது ஒரே மோட்டர், குறுக்கே கிடக்கும் ஒரே தண்டு. பத்து விரலும் விழுந்தால் பத்து உருளை அந்தத் தண்டை அழுத்தும், அந்தப் பாரத்துக்கு ஈடாக மோட்டரைத் தூக்கிக் கொடுக்க வேண்டியது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் போர்ட். பழைய போர்ட்டுகள் இதில் பலவீனம் என்பது பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், மாற்றுப் போர்ட் போடலாம். அதற்கு முன் கீகளுக்கு அடியில் உள்ள ஸ்குரூக்களைப் பாருங்கள், யாரோ எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருந்தால் எந்தப் போர்ட்டும் தாங்காது. ஒரே ஒரு கீ மட்டும் பிழையாக வந்தால் மோட்டரை விடுங்கள், அந்தக் கீயின் உருளை வழுக்குகிறது.

கல்முனையிலிருந்து: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ரீல் மெசின், டிரான்ஸ்போமர் போட்டும் மெதுவாக ஓடுகிறது.

டிரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50, கரண்டின் அலைவரிசையைப் பிடித்து ஓடும் மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். கறுப்பு வெள்ளை எல்லாம் எண்ணினால் மூன்று கீ இறங்கும். சில மாடல்களுக்கு 50 ஹேர்ட்ஸ் கப்பி தனியாக உண்டு, மாடல் இலக்கத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.