தொட்டி சும்மா வந்தது, சுவருக்கு 14,000 ரிங்கிட்டா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தொடர்வீடு எங்களுடையது. எனக்கு வயது 53. மூட்டுவலிக்கு ஆகும் என்று மகன் தன்னுடைய பழைய, உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டான். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. மழையும் விடுவதில்லை. சுற்றிலும் செங்கல் சுவர், மேலே தகரக் கூரை போட 14,000 ரிங்கிட் கேட்கிறார் குத்தகையாளர். வங்கியில் 7 விழுக்காட்டுக்கு ஐந்தாண்டுக் கடன் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 7 விழுக்காடு ஃபிளாட் ரேட்டா என்று வங்கியைக் கேளுங்கள். ஆம் என்றால், நீங்கள் கட்டக் கட்ட கடன் குறைந்தாலும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 14,000க்கும் ஓடும். மாதம் 315 ரிங்கிட், மொத்த வட்டி 4,900. குறையும் பாக்கியை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 12.5 விழுக்காடு. ஊழியர் சேமநிதி 2024க்குக் கொடுத்த லாப ஈவே 6.30தான். அதற்காக, சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கில் கை வைக்கவும் சொல்லமாட்டேன். சேமநிதி கைக்கு வரும் 55 வயதுக்கு இன்னும் இரண்டே வருடம்.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். குழாயடியில் பெண்கள் குளிக்க நாலு கம்பும் இரண்டு பழைய தகரமும் போதுமாக இருந்தன.

சரி, ஒரு சாயங்காலம் தொட்டிக்குள் உட்காருங்கள். மகன் ஒரு கம்பில் கைலியைத் தொங்கவிட்டு, அந்த ஜன்னல் மறையும்வரை அங்கே இங்கே நகர்த்தட்டும். மறைப்பு தொட்டியை ஒட்டி இருந்தால் உயரம் குறைவாகவே போதும்; வேலியோரம் போனால் ஏறிக்கொண்டே போகும். மாடிப் பார்வைக்கு வேலியோரத்து ஆறடிச் சுவர் உதவாது. தலைக்கு மேல் நீளும் சாய்வான கூரைதான் மறைக்கும். மழைக்கும் அதுவே ஆயிற்று. ஒரு பக்கம் உங்கள் வீட்டுச் சுவரே இருக்கிறது. மிச்சத்துக்கு இடைவெளி விட்ட பலகைத் தட்டி போதும். புயல்காற்று அதன் வழியே போய்விடும், ஆவியும் வெளியேறும். நாலு பக்கமும் அடைத்தால் பலகை உளுத்து, தகரம் துருப்பிடித்துவிடும். கூரைக்குப் பதில் கேன்வஸ் கட்டவே கட்டாதீர்கள்: தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு குடியேறும், அபராதமும் வரும்.

இன்னொன்று, பம்ப் இருக்கும் பக்கத்தை அடைக்காதீர்கள். பழைய தொட்டி, நாளைக்கு ரிப்பேர் என்றால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். நிரந்தரக் கட்டுமானத்துக்கு 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்ற அனுமதியும் வேண்டும். அந்தப் பிளான் செலவு 14,000க்குள் அடங்குமா என்று குத்தகையாளரைக் கேட்டீர்களா?

அந்த 315ஐ மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வருடத்தில் 3,780. கூரையும் தட்டியும் அதற்குள் முடியும்படி விலை கேளுங்கள். அதுவரை தொட்டிக்கு நல்ல கனமான மூடி மட்டும் வாங்குங்கள். சூடு பெரும்பாலும் ஆவியாகத்தான் போகிறது, மூடி இல்லாவிட்டால் மின்கட்டணம் எகிறும். வேலியோரம் இந்த வாரமே செம்பருத்திக் குச்சிகளை ஊன்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்களே ஒடித்துக் கொடுப்பார்கள்.