தாகம் தணிந்த எலுமிச்சை

ஐயா, பழைய மெட்ராஸ் கட்டடங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தாகத்துக்கு ஓரிடத்தில் ‘க்வென்ச்’, இன்னோரிடத்தில் ‘ஸ்லேக்’ என்று வருகிறது. இரண்டுக்கும் ‘தணித்தல்’ போதுமா, ‘தீர்த்தல்’ வேண்டுமா? பூச்சு வேலையில் வரும் ‘ஸ்லேக்டு லைம்’ என்பதைத் ‘தாகம் தணிந்த எலுமிச்சை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

நாலு நாளாக இதே சொல்தான் எனக்கும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தணித்தலோ தீர்த்தலோ, வாக்கியத்தில் எது உட்காருகிறதோ அதைப் போடுங்கள். க்வென்ச் பேச்சிலும் புழங்கும். ஸ்லேக்கில் புத்தக வாடை. தீயையும் பழுக்கக் காய்ந்த இரும்பையும் க்வென்ச் செய்வார்கள். அந்த இரும்பு வேலைக்கு நம் கொல்லர் சொல் தோய்ச்சல். அவ்வளவுதான்.

ஆனால் அம்மா, சுவர்ப் பூச்சுக்குள் எலுமிச்சை எப்படி வந்தது? ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? ஆங்கில ‘லைம்’ எலுமிச்சை வகைக்கும் பெயர், சுண்ணாம்புக்கும் பெயர். இங்கே அது சுண்ணாம்பு. ஸ்லேக் என்பது ‘ஸ்லாக்’ என்ற சொல்லின் உறவு: தளர்தல், தளர்த்துதல். தொண்டையின் இறுக்கமும் தளரும், கல்லின் கட்டியும் தளரும். நமக்கு அதற்கென்றே சொல் இருக்கிறது: நீற்றுதல். திருநீற்றில் இருக்கும் அதே நீறு.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் சீறும், கொதிக்கும், வெடித்து உதிரும். கணக்குப்படி 1 கிலோ சுத்தமான கல்லுக்கு 320 மில்லி தண்ணீர் போதும், 1.32 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும். ஆனால் சூட்டில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். குழைவாக வேண்டுமென்றால் அதைவிடப் பல மடங்கு வேண்டும். தண்ணீரில் கல்லைப் போட வேண்டும். கல் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீர் குறைந்தால் நடுவில் நீறாத மணி தங்கிவிடும். அதைச் சலிக்காமல் பூசினால், பின்னால் ஈரம் குடித்து உப்பி, வழவழப்பான சுவரில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். சலித்ததைத் தண்ணீருக்கடியில் மூடி வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிவிடும்.

இலக்கணத்தையும் பாருங்கள். நமக்குக் கல் நீறும், கொத்தனார் நீற்றுவார்; தாகம் தணியும், தண்ணீர் தணிக்கும். ஆங்கிலத்தில் சுண்ணாம்பு தானே ஸ்லேக் ஆகும். தாகத்தை மட்டும் இன்னொன்றுதான் ஸ்லேக் செய்ய வேண்டும்.

எலுமிச்சையை இன்றே எடுத்துவிடுங்கள். அடுத்த பக்கத்தில் ‘க்விக்லைம்’ வரும். அது சுட்ட சுண்ணாம்பு. ‘வேகமான எலுமிச்சை’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.