அட்டைக்கு மூளையே இல்லையே, பிறகு அதன் நரம்புகள் முளையத்தில் (வளரும் கருவில்) எப்படி வழி கண்டு வளர்கின்றன?

முதலில், அட்டைக்கு மூளை இருக்கிறது. தலையில் ஒன்று, வாலில் ஒன்று, இடையில் வரிசையாக 21 நரம்புத்திரட்டுகள். நீங்கள் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். ‘மூளையே இல்லை’ என்பதை ஏதோ ரியூசன் நோட்ஸில்தான் பார்த்திருப்பீர்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் ஏறும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் உயிரியல் படிப்பிக்கிறேன். காலபோக நேரம் வாய்க்காலுக்குள் காலை வைத்தால் அட்டைதான். “உதுக்குள்ள என்ன சேர் இருக்கு, வெறும் ரத்தப் பை” என்றான் ஒரு பெடியன். விட மனம் வரவில்லை. பெரிய அட்டை ஒன்றை ஜாம் போத்தலில் வகுப்புக்குக் கொண்டுபோய், ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் மயக்கி, முதுகுப் பக்கத்தால் வெட்டினேன். (உயிர்வதை என்று கீழே எழுத வருகிறவர்கள், காலில் ஏறிய அட்டைக்கு உங்கள் வீட்டில் உப்புப் போடுவது யார் என்பதையும் சேர்த்து எழுதவும்.) குடலை ஒதுக்கினால் அடியில் கறுத்த குழாய் ஒன்று. அது இரத்தக்குழி, நரம்பு நாண் அதற்குள்தான் கிடக்கிறது. ஊசியால் கீறியதும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவைதான் அந்த நரம்புத்திரட்டுகள். அந்தப் பெடியன்தான் கைவில்லையைக் கடைசிவரை மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஏறத்தாழ 400 நரம்புக்கலங்கள். தொடுகைக்கு 6, அழுத்தத்துக்கு 4, நோவுக்கு 4 என்று அநேகமாக எல்லாத் திரட்டிலும் அதே கலம் அதே இடத்தில். அதைக் காட்ட நுணுக்குக்காட்டி வேண்டும். அது இருந்தது, அலுமாரிக்குள். திறப்பு பெரியவரிடம். மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிற நாளில் மட்டும் தூசு தட்டி மேசைக்கு வரும், அன்றைக்கே திரும்பிப் போய்விடும். வன்னிப் பிள்ளைகளுக்குச் செய்முறை வராது என்று பிறகு கூட்டத்தில் கதைப்பார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முளையத்தில் சில கலங்கள் தேவைக்கு அதிகமாகவே நார்களை நீட்டுகின்றன. உடற்சுவருக்கும் போகும், நாண் வழியே முன்னும் பின்னும் பக்கத்துத் திரட்டுகளுக்கும் போகும். அங்கே தன்னைப் போன்ற அதே வகைக் கலத்தின் நாரைச் சந்தித்தால், அந்தக் கிளை பின்வாங்கிவிடும். பக்கத்து வயல்காரன் விதைத்துவிட்டான் என்று கண்டால் வரம்போடு நிற்கிற மாதிரி. இது என் கற்பனை இல்லை. வெய்-சியாங் காவோவும் எடுவார்டோ மக்காக்னோவும் 1987இல் வெளியிட்ட ஆய்வுகளில், பக்கத்துத் திரட்டிலிருந்த அதே வகைக் கலத்தை இல்லாமற் செய்தபோது, சுருங்கிப் போயிருக்க வேண்டிய கிளை சுருங்காமல் நிலைத்துவிட்டது. வளர்ந்த அட்டையிலும் தோலுக்குக் கிளை விடுகிற ஓர் உணர்வுக் கலத்தைக் கொன்றால், அதே வகைப் பக்கத்துக் கலத்தின் கிளைகள் தோலில் அந்த இடத்துக்குப் பரவுவதை நரம்பியலாளர் ஜோன் நிக்கல்ஸின் குழுவினர் 1980களில் காட்டினார்கள்.

‘இரசாயனச் சைகைகளை விட்டுவிட்டீர்கள்’ என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். விடவில்லை. நெட்ரின் என்ற வழிகாட்டிப் புரதம் அட்டை முளையத்திலும் இருக்கிறது. நார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். நான் சொன்னது, போன கிளைகளில் எது மிஞ்சும் என்பதைப் பற்றி.