தம்பிக்கு எந்த வாட்ச்?

கேள்வி: தம்பி இந்த வருஷம் இன்ஜினீயரிங் முடிக்கிறான், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் வாட்ச் பரிசளிக்க ஆசை. பழைய எச்.எம்.டி. ஜனதா வாங்கலாமா, புது செய்கோ 5 வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: நல்ல ஆசை, அக்கா வாங்கித் தந்த வாட்ச்சை அவன் ஆயுசுக்கும் கட்டலாம். ஜனதா தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச், அந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-லேயே முடிவெடுத்துவிட்டது, இன்று இணையத்தில் ‘புத்தம் புதுசு’ என்று வருவதில் நிறைய, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை. நம்பிக்கையான வாட்ச் ரிப்பேர்க்காரர் தெரிந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

முதல் மெக்கானிக்கல் வாட்ச் என்பதால் என் ஓட்டு செய்கோ 5-க்குத்தான். கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும், கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரம் ஓடும். ஒல்லியான மணிக்கட்டு என்றால் 42 மி.மீ. மாடல் பெரிதாகத் தெரியும், 38 மி.மீ. பாருங்கள். அப்புறம், தினமும் சில நொடிகள் முன்பின் ஆவது இந்த வகையில் இயல்பு, அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ச் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவான். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தேதியை மாற்றக் கூடாது, உள்ளே பற்சக்கரம் பழுதாகலாம். ஸ்பீக்கர் மேலேயும் வைக்க வேண்டாம், காந்தம் பட்டால் வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

பின்மூடியில் பெயரும் வருஷமும் பொறிப்பதாக இருந்தால், பின்மூடி கண்ணாடியாக இல்லாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.