‘ஒரு ஒயின் கிளாஸ்’ என்றால் எவ்வளவு? பழைய காக்டெய்ல் குறிப்புகள்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): 1862இல் நியூயார்க்கில் வெளிவந்த ஜெர்ரி தாமஸின் நூலில் பிராந்தி காக்டெய்லுக்கு ‘ஒரு ஒயின் கிளாஸ்’ பிராந்தி கேட்கப்படுகிறது. என்னிடமுள்ள கிளாஸை நிரப்பினால் அது ஒருவர் குடிக்கும் அளவாக இல்லையே?

பதில்: நம்மிடம் ஆழாக்கும் உழக்கும் பாத்திரமாகவும் அளவாகவும் இருந்ததைப் போல, அன்றைய மதுக்கூடத்தில் ஒயின் கிளாஸ் என்பது 2 அவுன்ஸ் அளவின் பெயர், ஏறக்குறைய 60 மில்லி. ‘போனி’ அதில் பாதி. பிட்டர்ஸ் (மூலிகை, பட்டைகளை மதுவில் ஊறவைத்த கசப்புச் சாறு) புட்டியைக் கவிழ்த்து ஒருமுறை உதறினால் விழுவது ஒரு ‘டேஷ்’. அது 1 மில்லிக்கும் சற்றுக் குறைவு. அதே குறிப்பில் வரும் ‘கம் சிரப்’ வெறும் சர்க்கரைப் பாகன்று, அரபுப் பிசின் கரைத்த பாகு. எலுமிச்சைச் சாறு சேரும் பானங்களில் வெறும் பாகே போதும். ஆனால் மதுவே முழுப் பங்காக இருக்கும் இந்த வகைக் காக்டெய்லில் நாவில் படியும் வழவழப்பைத் தருவது அந்தப் பிசின்தான் என்பதால், அதை விட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன். ‘போகார்ட்ஸ்’ பிட்டர்ஸ் என்று அந்நூலில் இருப்பது ‘போக்கர்ஸ்’ என்பதன் பிழையான வடிவம்; கடைகளில் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி (பெங்களூரு): ஏவியேஷன் காக்டெய்லை லண்டன் சவாய் ஹோட்டலின் 1930ஆம் ஆண்டு நூலைப் பார்த்துச் செய்தேன். வானத்தின் நிறம் வரவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை. நியூயார்க்கில் ஹியூகோ என்ஸ்லின் 1916இல் அச்சிட்ட குறிப்பில் மூன்றில் இரு பங்கு ஜின், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, மராஸ்கினோ (செர்ரிப் பழ இனிப்பு மது) 2 டேஷ், வயலட் பூ மது 2 டேஷ் என்று இருக்கிறது. சவாய் நூலைத் தொகுத்த ஹாரி கிராடக்கின் குறிப்பில் வயலட் இல்லை; அதன்பின் பல பத்தாண்டுகள் உலகம் அந்த வடிவத்தையே பின்பற்றியது. ஆகவே ஒரே ஒரு நூலை நம்பாமல், அதற்கு முந்தைய பதிப்பு உண்டா என்று தேடுவதுதான் இந்த வேலையின் பாதி. என்ஸ்லினின் அளவை அப்படியே செய்தால் இன்றைய நாவுக்குப் புளிப்பு மிகுதியாக இருக்கும். நான் ஜின் 60 மில்லி, சாறு 20, மராஸ்கினோ 10, வயலட் 5 என்று வைத்துக்கொள்கிறேன். வயலட் அதற்கு மேல் போனால் சோப்பு வாசனை வந்துவிடும்.

கேள்வி (சிங்கப்பூர்): ‘கார்ப்ஸ் ரிவைவர் எண் 2’ என்ற காக்டெய்லுக்குச் சின்கோனாப் பட்டையின் கசப்பேறிய ‘கினா லிலே’ ஒயின் வேண்டும். அது இப்போது கிடைப்பதில்லை. சின்கோனா பட்டைத் தூளை வெள்ளை ஒயினில் ஊறவைத்து நானே செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பட்டையிலுள்ள கசப்பு மருந்துப் பொருளான குயினைன் எவ்வளவு இறங்கியது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. அளவு மிஞ்சினால் காதிரைச்சல், வாந்தி, பார்வை மங்கல் ஏற்படும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். கினா லிலே 1980களில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த லிலே பிளாங்கில் கசப்பு குறைவு. சின்கோனாக் கசப்பு கொண்ட கொக்கி அமெரிக்கானோ ஒயினை ஜின், எலுமிச்சைச் சாறு, குவான்ட்ரோ (ஆரஞ்சு இனிப்பு மது) ஆகியவற்றுடன் சம பங்காகச் சேர்த்து, அப்சிந்த் (சோம்பு மணமுள்ள கடும் மது) ஒரே ஒரு டேஷ் விட்டால் போதும்.

கேள்வி (சென்னை): பழைய குறிப்புகளின்படி ஐஸ் சேர்த்தால் பானம் நீர்த்துப்போகிறது.

பதில்: அவர்களுடைய ஐஸ் வேறு. குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்ததை அறுத்தெடுத்த பெரும்பாளங்கள் அவை. பாஸ்டனிலிருந்து பிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய அத்தகைய பாளங்களைச் சேமிக்கத்தான் 1842இல் உங்கள் ஊர்க் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியது. அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். (அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்களின் நினைவு வருகிறது.) ஃபிரிட்ஜ் தட்டின் சிறு கட்டிகள் வெளியே எடுத்ததும் ஈரம் கசியத் தொடங்குவதால், உருகிய நீரும் சேர்ந்தே கிளாஸில் விழுகிறது. பெரிய டப்பாவில் நீரை உறையவைத்து, கலக்கும் நேரத்தில் உடைத்து, ஒட்டியுள்ள நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓரளவு நீர் சேரத்தான் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அது இல்லையெனில் மதுவின் காட்டம் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பழைய நூல்களில் ‘அராக் பஞ்ச்’ (சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்த பானம்) என்று வருவதற்கு எங்கள் தென்னஞ்சாராயம் பொருந்துமா?

பதில்: எந்த நாட்டு நூல் என்பதைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் கருதுவது ஜாவாவின் பதேவியா அராக்கை. கரும்பு வெல்லப்பாகும் சிவப்பரிசியும் சேர்ந்து நொதித்த அதன் மணம் மிகக் கடுமையானது. உங்கள் சாராயம் தென்னங்கள்ளிலிருந்து வருவதால் மென்மையானது. அதைப் பயன்படுத்துவதானால் எலுமிச்சையைச் சற்றுக் குறைத்து, சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு சேர்த்துப் பாருங்கள். அது பழைய குறிப்பாக இராது, ஆனால் நல்ல பஞ்சாக இருக்கும்.